மஞ்சக்குட்டை ஷெட்டில் பிரேக்கை மிதித்தது யார்?

இது நடந்தது. கதைக்காக இதில் நான் ஒரு சொல்லும் கூட்டிச் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையும் இல்லை. படித்து முடித்தால் உங்களுக்கே தெரியும்.

நடந்தது பிரபாகருக்கு. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறவன். பேய், பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். லாட்ஜில் தங்க வந்தவர்கள் யாராவது காலையில் அரண்டுபோய் வந்து, "ராத்திரி ரூமுக்குள்ள ஏதோ நடமாடுச்சுங்க" என்றால், "எலியா இருக்குமுங்க, அதுக்கும் ஏற்காடு புடிச்சுப் போச்சு" என்பான். இப்போது அப்படிச் சிரிப்பதில்லை. பிரேக் என்ற சொல்லைக் கேட்டாலே அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. அன்றைக்கு அமாவாசையும் இல்லை, நாயும் ஊளையிடவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு நடந்தது. பகலில் எதுவும் வராது என்று தைரியமாக இருப்பவர்கள் இதற்குமேல் படிக்காமல் இருப்பது நல்லது.

பிரபாகர் தனி ஆள். எப்போதுமே அப்படி இருந்தவன் இல்லை. சசிகலா இருந்தாள். ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை, போய்விட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது. கடைவீதியில் இருவரும் குடியிருந்த வீட்டில் அதன் பிறகு அவனால் இருக்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் வைத்தது வைத்தபடி இருந்தது. மஞ்சக்குட்டை போகிற வழியில், ஒரு காப்பி எஸ்டேட்டின் ஓரத்தில், பல வருஷமாக ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடு ஒன்றைப் பிடித்துக் குடிவந்தான். இரண்டே அறை. பக்கத்தில் பெரிய தகர ஷெட். வீட்டைவிட ஷெட் ஏன் இவ்வளவு பெரிது என்று அவன் யாரையும் கேட்கவில்லை. கார் நிறுத்த இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டான்.

கார் மட்டும்தான் அவனுக்கு மிச்சம். சாதாரணச் சின்னக் கார். லாட்ஜுக்குப் போக வர, சேலத்துக்கு இறங்கி ஏற அதுதான். ஆனால் வருஷத்தில் சில நாள் அதற்கு வேறு வேலை. கோயமுத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக்கில், நம் சொந்தக் காரையே கொண்டுபோய் இஷ்டம்போல வேகமாக ஓட்டிப் பார்க்க விடுவார்கள். டிராக் டே என்று பெயர். பிரபாகர் தவறாமல் போய்விடுவான். மலைப்பாதையில் பரம சாதுவாகப் போகிறவன், அங்கே போனால் வேறு ஆள். ஹெல்மெட்டுக்குள் யார் முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று யாரும் கேட்பதில்லை. டிராக்கில் எல்லோருமே தனியாகத்தான் ஓட்டுகிறார்கள். அங்கே அது ஒரு குறையாகத் தெரியாது.

போன முறை அங்கே ஒன்று நடந்தது. சில சுற்றுகள் நன்றாகத்தான் ஓடின. பிறகு ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தான். பெடல் தரைவரை போயிற்று. காலுக்கடியில் ஒன்றுமே இல்லை. கார் வளைவைத் தாண்டி மணலுக்குள் போய்ச் சொருகி நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் சின்ன விஷயம்தான். கடைக்கும் ஆபீசுக்கும் போய் வரச் செய்த பிரேக் அது. திரும்பத் திரும்ப அழுத்தி மிதித்தால் சூடேறி, உள்ளே இருக்கும் பிரேக் ஆயில் கொதித்துவிடும். கொதித்தால் குமிழி வரும். குமிழி வந்தால் பெடலில் பிடிப்பு இருக்காது.

அதனால் அடுத்த டிராக் நாளுக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தான். சூடு தாங்கும் பிரேக் பேட், சீக்கிரம் கொதிக்காத ஆயில், ரப்பர் குழாய்க்குப் பதிலாக ஸ்டீல் பின்னல் போட்ட குழாய். பார்சல் பார்சலாக வந்து இறங்கின. மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமே என்றால் கேட்கமாட்டான். தன் உயிர் தொங்குகிற சாமானைத் தன் கையால்தான் பூட்டுவேன் என்று பிடிவாதம்.

ஆனால் இந்த வேலையைத் தனி ஆளாகச் செய்து முடிக்க முடியாது.

குழாயைக் கழற்றினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும். அந்தக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஏர் எடுப்பது என்பார்கள். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை நாலைந்து தடவை மிதித்துவிட்டு, அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கீழே சக்கரத்தருகில் படுத்து, அங்கே பிரேக்கில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறப்பார். காற்றும் ஆயிலும் பீச்சிக்கொண்டு வரும். நிப்பிளை மூடிவிட்டு, "விடு" என்பார். அப்போதுதான் காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், செய்த வேலை அத்தனையும் வீண். கீழே கிடப்பவர் சொல்லும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கவே கூடாது. மலைமேல் ஜீப் நிற்கிற ஒவ்வொரு வீட்டிலும், பெண்டாட்டி பிள்ளைகள் வரைக்கும் இந்தப் பாடம் தெரியும்.

சசிகலா இருந்தவரை அவள்தான் மிதிப்பாள். அவன் கீழே கிடந்தபடி "மிதி" என்பான். மேலிருந்து "ம்" என்று மட்டும் வரும். "புடி." "ம்." "விடு." "ம்." வேறு பேச்சு கிடையாது. சில சமயம் போனில் எதையாவது பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவன் கத்துவான். அதற்கும் "ம்" என்பாள். அவள் போன பிறகு பிரபாகர் இந்த வேலையைத் தொடவே இல்லை. இதுதான் முதல் தடவை.

அன்றைக்கு வந்து மிதிப்பதாகச் சொல்லியிருந்தவன் கோபி. சேலத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் சிநேகிதன். பைக்கில் மத்தியானம் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை டிராக்.

காலையிலிருந்தே மூடுபனி. கார்த்திகை மாதத்தில் அங்கே அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் அன்று மத்தியானத்துக்கு மேல் ஷெட் வாசலில் நின்றால் எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. கரண்டும் போய்விட்டது. பிரபாகர் காரை நாலு இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, புதுக் குழாய்களையும் பேட்களையும் பூட்டி முடித்திருந்தான். காரின் முகம் வாசலைப் பார்த்து இருந்தது. பின்பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர். முன்னால் எஞ்சினை மூடும் பானெட்டைத் திறந்து நிறுத்தியிருந்தான்.

ஏர் எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. பெடலுக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் ஆரம்பித்து, பெடலுக்குப் பக்கத்தில் வந்து முடிக்க வேண்டும். அதாவது முதலில் பின்பக்கம் இடது சக்கரம். கடைசியில் டிரைவர் சீட்டுக்குக் கீழேயே இருக்கிற முன்பக்கம் வலது சக்கரம்.

கோபி வருவதற்குள் தயாராக இருக்கலாம் என்று, சாக்கை விரித்துப் பின்பக்கம் இடது சக்கரத்தருகில் படுத்தான். நிப்பிளில் சின்னக் குழாயைச் செருகினான். அப்போது மூன்று மணி இருக்கும்.

டப்.

கார்க் கதவு திறக்கிற சத்தம். ஸ்டாண்டின்மேல் கார் லேசாக ஒரு பக்கம் ஆடி நின்றது. யாரோ ஏறி உட்கார்ந்தால் ஆடுமே, அப்படி.

"வந்துட்டியாடா?" என்றான் பிரபாகர், படுத்தபடியே.

பதில் இல்லை. பைக் சத்தம் கேட்கவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. வீட்டுக்கு இறங்குகிற சரிவில் எஞ்சினை அணைத்துவிட்டு வருவது கோபியின் கெட்ட பழக்கம். அப்படித்தான் வந்திருப்பான் என்று விட்டுவிட்டான்.

"சரி, மிதி."

சுவர் சிவந்தது. சாவி போடாவிட்டாலும் பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரியும். அந்த வெளிச்சம் வெள்ளைச் சுவரில் விழுந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. நிதானமாக, ஒவ்வொரு மிதியும் அடிவரைக்கும் போய் வந்தது. பழைய ஜீப்பில் மிதிக்கிற மாதிரி.

"புடி."

சிவப்பு அப்படியே நின்றது. நிப்பிளைத் திறந்தான். குமிழி குமிழியாக வந்தது. மூடினான்.

"விடு."

சிவப்பு போயிற்று. இப்படி ஏழெட்டு முறை. வேலை சுத்தமாக நடந்தது. வாய் ஓயாமல் பேசுகிற கோபி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஏதோ கோபம் போல என்று நினைத்துக்கொண்டான்.

"புடி" என்று அவன் சொல்லி, சுவர் சிவந்து நின்ற ஒரு நேரத்தில் போன் அடித்தது.

கோபி.

"மாப்ள, மன்னிச்சுக்கடா. ஒரு மணி நேரமா அடிவாரத்துலயே நிக்கறேன். மேல எங்கயோ மரம் சாஞ்சு கெடக்குதாம். ஒரு வண்டியும் ஏற உட மாட்டேங்கறாங்க."

பிரபாகர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தான்.

"மாப்ள... கேக்குதா?"

"எங்க இருக்க?"

"அடிவாரத்துலங்கறேன். காலைல நேரத்துலயே வந்தர்றேன், மிதிச்சுக் குடுத்தர்றேன். வெச்சரட்டா?"

போன் நின்றது. மூன்றேகால்.

சுவர் சிவப்பாகவே இருந்தது.

பிரபாகர் அசையவில்லை. காருக்கு அடியில் எந்தச் சத்தமும் இல்லை. தகரத்தின் மேல் பனி சொட்டுகிற சத்தம் மட்டும்.

"யாரு..."

"சீட்டுல யாருங்க?"

சுவரின் சிவப்பு மாறவில்லை.

என்ன சொல்வது என்று தெரியாமல், பழக்கத்தில், "விடு" என்றான்.

சிவப்பு போயிற்று.

"...மிதி."

சிவந்தது.

"புடி."

மேலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"ம்."

பெண் குரல்.

ஓடியிருக்க வேண்டும். நீங்களும் நானும் என்றால் ஓடியிருப்போம். செருப்பைக்கூட எடுத்திருக்க மாட்டோம். பிரபாகர் ஓடவில்லை. சாக்கின்மேல் மல்லாந்து கிடந்தபடி அழ ஆரம்பித்தான். இரண்டு வருஷமாக அந்த ஒரு எழுத்தைக் கேட்கத்தான் அவன் காது ஏங்கிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய "ம்" ஆகவும் அது இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"சசி?" என்றான்.

சிவப்பு மட்டும் அப்படியே, ஆடாமல் அசையாமல் நின்றது. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

எழுந்து போய்ப் பார்த்திருக்கலாமே என்று நானும் அவனைக் கேட்டேன். "பார்த்தா போயிருவாளோன்னு பயம்" என்றான். பேயைப் பார்க்கப் பயந்தவர்கள் உண்டு. பேய் போய்விடுமோ என்று பயந்தவனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்தது பின்பக்கம் வலது சக்கரம். ஊர்ந்துகொண்டே நகர்ந்தான். "மிதி, சசி." சிவந்தது. "புடி, சசி." "ம்." வேலை ஓடியது. கை தன் பாட்டுக்கு நிப்பிளைத் திறந்தது, மூடியது. நடுவில், பானெட்டுக்கு அடியில் இருக்கும் டப்பாவில் ஆயில் ஊற்ற முன்பக்கம் போக வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, தரையையே பார்த்துக்கொண்டு போனான். திறந்து நின்ற பானெட் சீட்டை மறைத்தது. அதற்குப் பின்னால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் வேகமான மூச்சு.

ஒரு வாடையும் அடித்தது. காப்பிப் பழத்தோல் குவித்து வைத்தால் புளித்துப்போய் ஒரு வாடை வருமே, அது. சசிகலா எந்த எஸ்டேட்டுக்குள்ளும் காலை வைத்தவள் இல்லை. அவளுக்கு அந்த வாடையே ஆகாது. பிரபாகருக்கு இது தெரியும். ஆனாலும் ஆசைப்பட்ட மனசு இதையெல்லாம் எங்கே எடுத்துக்கொள்ளும்?

முன்பக்கம் இடது சக்கரம் முடிந்தது.

கடைசி... முன்பக்கம் வலது. டிரைவர் கதவுக்கு நேர் கீழே. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. தலையைக் கொஞ்சம் தூக்கினால் பெடல் தெரியும். பெடலின் மேலே இருப்பதும் தெரியும்.

அவன் தூக்கவில்லை.

"மிதி."

ஒரு முழத் தூரத்தில் பெடல் அழுந்துகிற சத்தம். கிரீச்...

"புடி."

"ம்."

திறந்தான். ஒரு குமிழி இல்லை. தண்ணீர் மாதிரி சுத்தமாக ஆயில் வந்தது. மூடினான். வேலை முடிந்துவிட்டது.

இனி "விடு" என்று சொல்ல வேண்டும்.

அவன் சொல்லவில்லை.

சொன்னால் போய்விடுவாள். சொல்லாதவரை இருப்பாள். காலை எடுக்க மாட்டாள். அவ்வளவுதான் அவன் மனசில் ஓடியது. கையைத் துடைத்துக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். பேச ஆரம்பித்தான்.

என்னவெல்லாமோ பேசினான். லாட்ஜுக்கு வந்த புது மேனேஜர், அவர் தலைக்கு அடிக்கிற மை. கடைவீதி வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்த அவளுடைய காலேஜ் போட்டோ. மிக்ஸி ஜார் மூடியை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை, எங்கே வைத்தாய் என்று கேட்டான். தனக்கு மட்டும் சோறு பொங்கினால் அளவு தெரியாமல் மிஞ்சிப்போகிறது என்றான். அவள் இருந்தபோது செய்த கூத்துகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இரண்டு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

பின்சுவரில் சிவப்பு நின்றுகொண்டே இருந்தது. பனி ஷெட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதுவும் சிவந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சிவப்பு நடுங்க ஆரம்பித்தது. துடித்துத் துடித்து அணைவதும் எரிவதுமாக. சசி சிரிக்கிறாள், அதனால்தான் கால் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

டப்... டப்... என்று காருக்குள் எதுவோ சொட்டியது.

அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் அவனுக்கு அந்த ஆசை வந்தது. முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை.

"சரி... விடு சசி. எறங்கி வா. ஊட்டுக்குள்ள போலாம்."

சிவப்பு போயிற்று.

ஒரு பெருமூச்சு கேட்டது. நீளமாக. அவ்வளவு நீளமான மூச்சை அவன் கேட்டதே இல்லை.

காத்திருந்தான். கதவு அசையவில்லை.

எழுந்தான். திறந்தான்.

யாரும் இல்லை.

போனைப் பார்த்தான். ஐந்தரை. அதன் டார்ச்சைப் போட்டுச் சீட்டைப் பார்த்தான். நனைந்திருந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. சீட்டு முன்னால், ஸ்டியரிங்கை இடிக்கிற அளவுக்குத் தள்ளப்பட்டிருந்தது. ரொம்பக் குள்ளமானவர்கள் மட்டும்தான் அப்படித் தள்ளிக்கொண்டு உட்காருவார்கள்.

சசிகலா அவனைவிட உயரம்.

அதையும் அவன் நினைக்க விரும்பவில்லை. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய், விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மரத்தை அகற்றிவிட்டார்கள். சொன்னபடி கோபி வந்தான். ஷெட்டுக்குள் போய்ப் பெடலை மிதித்துப் பார்த்தான்.

"கல்லு மாதிரி நிக்குதேடா. யாரு மிதிச்சது?"

"வேண்டியவங்கதான்."

"சரி, கெளம்பு. டிராக்குக்கு நேரமாச்சு."

"நான் வரலடா."

கோபி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எந்த நாளுக்காக மாதக்கணக்கில் சாமான் சேர்த்தானோ அந்த நாள் முழுக்கப் பிரபாகர் ஷெட்டில் கிடந்தான். நல்ல வெயில் அடித்தது. சாக்கை விரித்து, பின்பக்கம் இடது சக்கரத்தருகில் படுத்துக்கொண்டு, "மிதி" என்றான். "மிதி, சசி" என்றான். கெஞ்சினான். கோபித்துக்கொண்டான். குரல் கம்மிப்போகும்வரை கூப்பிட்டான்.

சுவர் வெள்ளையாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கண்ணாயி வந்தாள். எஸ்டேட்டில் வேலை செய்கிறவள். மேலே தொழிலாளர்களின் லைன் வீட்டில் குடியிருப்பு. தினமும் அவனுக்குப் பால் கொண்டுவந்து தருவது அவள்தான். ஷெட் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"நேத்து பால் கொண்டாரலைங்க தம்பி. ஒரு சாவுக்குப் போயிட்டேன்."

"உள்ள வந்து வெச்சுட்டுப் போங்கக்கா."

"இந்த ஷெட்டுக்குள்ள நான் வர மாட்டனுங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "ஏனுங்க?"

"செத்துப் போனது லட்சுமியக்காங்க. குட்டையான பொம்பள, எங்களோட காப்பிப் பழம் எடுத்தவ, உங்களுக்கு முந்தி இந்த ஊட்டுல இருந்தவ. அவ ஊட்டுக்காரரு சின்னசாமி, எஸ்டேட் ஜீப் டிரைவருங்க. ஜீப் இங்கதான் நிக்கும். ஒரு நாளு பிரேக்குக்கு ஏரு எடுக்கறமுன்னு அடியில படுத்திருக்காரு. ஜாக்கி பத்தலீன்னு கல்லை அடுக்கி நிறுத்தியிருந்தாருங்க. கல்லு சரிஞ்சு போச்சு."

பிரபாகரின் பார்வை காருக்கு அடியில் போயிற்று. கண்ணாயி சொல்லிக்கொண்டே போனாள்.

"சீட்டுல இருந்தது அக்காதானுங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுத்தராதன்னு சொல்லிட்டுப் படுத்திருக்காரு. வண்டி ஆடுனதும் கூப்புட்டிருக்கா. பதிலே இல்ல. எறங்கிப் பாக்கலாம்னா, காலை எடுத்தா வேல கெட்டுப் போயிரும், வைவாருன்னு பயம். மத்தியானத்துல இருந்து, நாங்க பழம் எடுத்துட்டுப் பொழுது சாய வர்ற வரைக்கும் அமுத்திப் புடிச்சுட்டே உக்காந்திருந்தாங்க. நாங்கதான் தூக்கி எறக்குனம். அந்தக் காலு மடங்கலீங்க. அதுக்கப்பறம் மடங்கவே இல்ல. கட்டையாட்டம் நீட்டுனது நீட்டுனபடியே மக மலரு ஊட்டுல கெடந்தா."

"எப்ப செத்தாங்க?"

"சனிக்கெழமைங்க."

பிரபாகர் டிரைவர் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒரு மூணு மணி இருக்குமாங்க. ஒணர்வே இல்லாம கெடந்தவ, அந்தக் காலைக் கட்டில் சட்டத்துல வெச்சு மிதிக்க ஆரம்பிச்சிருக்கா. மிதிக்கறது, உடறது. மிதிக்கறது, உடறது. அம்மாளுக்குக் காலு வந்துருச்சுன்னு மலரு சந்தோசப்பட்டுட்டா பாவம். நான் போறப்ப அமுத்துனவ அமுத்துனபடியே இருந்தாங்க. காலு வெடவெடன்னு ஆடுது. வேர்த்துச் சொட்டுது. உசுரு போகவும் மாட்டேங்குது. நாலு பேரு சேந்து காலைப் புடிச்சு இழுத்தும் வரல. எடும்மான்னா, 'அவரு இன்னும் சொல்லலியே'ங்கறா. பாக்கப் பொறுக்கலீங்க தம்பி. அஞ்சரைக்குத் தானா எடுத்தா. ஒரு மூச்சு உட்டா. அதோட சரி."

கண்ணாயி பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் புறப்பட்டாள். நாலடி போனவள் நின்றாள்.

"ஏனுங்க தம்பி... கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு மலரு ஊட்டுக்கு இந்த வழியாத்தான் போனேன். இங்க ஒரு பொம்பள அழுதுட்டு இருந்துச்சு. கேட்ட கொரலாட்டம் இருக்குதேன்னு கொஞ்ச நேரம் நின்னேன். உங்க ஊட்டு விருந்தாளி போலன்னு போயிட்டேன். யாருங்க அது?"

"யாரும் அழுவலைங்க. நான் மட்டுந்தான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

"இல்லீங்க. என் காதால கேட்டேன். 'காலை எடுத்துக்கட்டுங்களா... காலை எடுத்துக்கட்டுங்களா'ன்னு கேட்டுக் கேட்டு அழுதுச்சு. நீங்க அதைக் காதுலயே வாங்காம, என்னமோ சிரிச்சுப் பேசிக்கிட்டே இருந்தீங்க."